ஓவர்சியருக்குத் தூக்க மருந்து

நெரவி சோமசேகரன் பொதுப்பணித் துறையில் ஓவர்சியர். வாய்க்கால் வேலையை மேற்பார்ப்பதோடு திருப்திப்படுகிற ரகமில்லை. கொத்தனார் கலவை போட்டாலும், தையல்காரர் காஜா எடுத்தாலும், மனைவி கல்யாணசுந்தரி ரசம் தாளித்தாலும் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். "நான் நிக்கலன்னா ரசம் கொதிக்க மறந்துடும்" என்று தன்னையே கிண்டலடித்துக்கொள்வார். கிண்டலடித்த பிறகும் நகரமாட்டார்.

எண்பத்தேழில் மதகுப் படியில் வழுக்கி விழுந்து முழங்கால் ஜவ்வு கிழிந்தது. சின்னத் துளை போட்டு, குழாய் வழியாக உள்ளே பார்த்துச் சரிசெய்கிற புது வைத்தியம் வந்திருக்கிறதென்று பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். முழு மயக்கம் கிடையாது, முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள் என்றதும்தான் சம்மதித்தார். "என் ஆபரேஷனுக்கும் நாந்தான் ஓவர்சியர்" என்று ஆபீஸ் முழுக்கப் பீற்றிக்கொண்டார்.

உண்மை வேறு. அவருடைய அப்பா குடலிறக்க ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்துப் படுத்தவர், எழுந்திருக்கவே இல்லை. அந்தப் பயத்தைக் கல்யாணசுந்தரியிடம்கூட அவர் சொன்னதில்லை.

ஆபரேஷன் மேஜையில் கால் மரத்தது. பயம் மரக்கவில்லை. வீராப்பாகப் பேச வாயெடுத்தால் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. மயக்க டாக்டர் மெஹர் பானு நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

"இவ்ளோ படபடப்பு ஆகாதுங்க. கொஞ்சமா தூக்க மருந்து போடுறேன்."

"வேணாங்க! நான் முழிச்சிருக்கணும்."

"கூப்பிட்டா பதில் சொல்ற அளவுக்குத்தாங்க."

பாழாய்ப்போன தலை சரியென்று ஆடிவிட்டது. அடுத்து அவருக்கு நினைவிருப்பது வார்டுதான்.

ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "எல்லாத்தையும் டிவி பொட்டில பாத்தேன். ரெண்டு எடத்துல நாந்தான் திருத்தம் சொன்னேன்" என்று மனைவியிடம் அளந்துகொண்டிருந்தபோது மெஹர் பானு வந்தார். குரல் கட்டியிருந்தது.

"எப்படி இருக்கீங்க? உங்களைக் கூப்புட்டுக் கூப்புட்டே என் தொண்டை போச்சு. நான் கொஞ்சம் நிறுத்தினா போதும், 'எங்க அப்பாவ யாருமே கூப்புடலைங்க, என்னைக் கூப்புட்டுக்கிட்டே இருங்க'ன்னு அழுதீங்க."

சோமசேகரன் ஒரு நக்கலுக்குத் துழாவினார். மனைவி முன்னால், மானம் மரியாதை பார்க்காமல் அழுகைதான் வந்தது.

கல்யாணசுந்தரி ஸ்டூலை இழுத்துக் கட்டில் ஓரம் போட்டுக்கொண்டாள்.

"தூங்குங்க. நான் கூப்புடுறேன்" என்றாள்.