இறங்குவதற்கு ஒரு சைக்கிள்

சந்தனத்துக்கு வலது கால் மிதிக்க வரும், தூக்கி வீச வராது. செங்கல் சூளையில் கல் சரிந்து விழுந்து கெட்டுப்போன கால். அந்தக் காலோடுதான் எண்பத்தேழில் ராஜபாளையம் ரோட்டிலிருந்த ஒரு நூல் மில்லுக்குப் பதிலி வேலைக்குப் போனான். பதிலி என்றால், சங்கு ஊதுவதற்கு முன்னால் கேட்டில் நிற்கவேண்டும். யாராவது வராவிட்டால் அன்றைக்குப் பிழைப்பு. நிரந்தரமாகிவிட்டால் மகள் பாலம்மாளைத் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து நிறுத்திப் பள்ளிக்கூடம் அனுப்பலாம். அவனுக்கு வேறு ஆசை கிடையாது.

மில் பக்கம்தான், ஆனால் நடந்தால் கால் வீங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நைனா முகமது பாயின் பழைய சைக்கிள் கடைக்குப் போனான். இரண்டு வண்டி நின்றது. கறுப்பு வண்டி பார் வைத்தது, செயின் சத்தமே கேட்காது. மற்றது பார் இல்லாத பொம்பளை வண்டி. செயின் தேய்ந்து தொங்கியது.

"கறுப்ப எடு. உன் காலத்துக்கும் உழைக்கும்" என்றார் பாய்.

"ஒரு கல்லுப் பக்கத்துல நிப்பாட்டி ஏறிருவேன் பாய். சட்டுனு இறங்க வராது."

"ஏப்பா, சைக்கிளு ஏறுறதுக்கு வாங்குதியா, இறங்குறதுக்கு வாங்குதியா?"

சந்தனம் சிரித்தான். அப்புறம்தான் பாய்க்கு உறைத்தது. மில்லுக்கு ஊர்த்தெரு வழியாகத்தான் போகவேண்டும். சந்தனம் மாதிரிக் காலனிக்காரன் எவனும் அந்தத் தெருவில் சைக்கிளில் உட்கார்ந்து போகக்கூடாது, இறங்கி உருட்டவேண்டும். இந்தச் சட்டத்தை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. மீறினவன் முதுகில்தான் எழுதினார்கள். பாய் பொம்பளை வண்டியைத் துடைத்துக் கொடுத்தார்.

மில்லில் எல்லோரும் கேலி செய்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்துவைத்தான். அடுத்த வருஷம் ஒருநாள் மேஸ்திரி கூப்பிட்டு, "நாளைக்கு நிரந்தரத்துக்குப் பேரு வாசிக்காக. சங்குக்கு முந்தி நில்லு" என்றார்.

மறுநாள் விடியும்போதே கிளம்பினான். ஊர்த்தெருவில் ஈ காக்கை இல்லை. ஆனாலும் இறங்கி, உருட்டி, மறுமுனையில் ஏறினான். கொஞ்ச தூரத்தில் செயின் கழன்றது. மாட்டினான். மறுபடி கழன்றது. மூன்றாம் தடவை அறுந்தேபோனது. வண்டியை உருட்டிக்கொண்டு நொண்டி நொண்டி ஓடினான். கேட் கண்ணுக்குத் தெரியும்போது சங்கு ஊதிவிட்டது. வாட்ச்மேன் பூட்டிவிட்டு உள்ளே போனான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

திரும்பி வரும்போது ஊர்த்தெரு டீக்கடையில் ஊர்ப் பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

"பாத்தியளாய்யா? காலும் சொகமில்ல, ஆனாலும் எறங்கித்தான் வாரான். பயலுக்கு எம்புட்டு மரியாதை! ஏலே, இவனுக்கு ஒரு டீ போடு."

செயின் அறுந்துவிட்டது என்று கத்தவேண்டும்போல இருந்தது அவனுக்கு. அந்த டீயை அவர் மூஞ்சியிலேயே ஊற்றவேண்டும்போலவும் இருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கூரையில் செருகியிருந்த காலனி கிளாஸை எடுத்து நீட்டினான். நின்றபடியே குடித்தான். கிளாஸைக் கழுவி, எடுத்த இடத்திலேயே செருகிவிட்டு, "வாரேங்கய்யா" என்றான்.