பின்சீட்டிலிருந்து பார்த்த ரயில்

வெயிலில் நின்ற காரின் ரெக்சின் சீட்டில் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்தால் தொடை ஒட்டிக்கொள்ளும். எழுந்திருக்கும்போது புண்ணில் கட்டிய துணியைப் பிரிப்பது போன்ற சத்தத்தோடு விடுபடும். கூடவே பெட்ரோலும், முந்தின ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஒரு கல்யாணப் பெண்ணின் தலையிலிருந்து உதிர்ந்த மல்லிகையும் சேர்ந்து புளித்த ஒரு வாடை எழும். அந்த வாடையை இந்த வயதிலும் சில நாள் கனவில் முகர்கிறேன். முகர்ந்த நாட்களில் நல்ல தூக்கம் வந்ததில்லை.

ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் தெருவுக்கு முதலில் வந்த கார் அது. ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம், பியானோவை யாரிடம் தள்ளுவது, நாயை யாரிடம் விடுவது என்று அலைந்த அவசரத்தில் அப்பாவிடம் விட்டுப்போன சாம்பல் நிற ஹெரால்ட். இரண்டே கதவு. பின்னால் ஏற வேண்டுமானால் முன்சீட்டை மடக்கி, உடம்பையும் மடக்கி நுழைய வேண்டும். எஞ்சினைப் பார்க்க வேண்டுமென்றால் முன்பக்கம் முழுவதும் சக்கரத்தின் மேல்மூடியோடு சேர்ந்து முன்னால் சாயும். தெருப் பையன்கள் அதை "முதலை வாய்" என்பார்கள். குளிர்கால விடியலில் வண்டி கிளம்பாது. "சோக்கை இழு" என்று ஒருவரும், "இழுக்காதே, பெட்ரோல் ரொம்பிடும்" என்று இன்னொருவரும் கத்த, பூசைக்குப் போகிற பாதித் தெரு அதைப் பின்னாலிருந்து தள்ளிக் கிளப்பும்.

தள்ளியவர்களுக்கெல்லாம் வண்டியில் பங்கு உண்டு என்பது எழுதப்படாத விதி. மணப்பெண் கோயிலுக்குப் போக, ஞானஸ்நானக் குழந்தை வீட்டுக்குத் திரும்ப, பாம்பு கடித்தவனை ஆஸ்பத்திரியில் சேர்க்க, கல்லறைக்குப் பெட்டியின் பின்னால் கிழவிகளை ஏற்றிப்போக, எல்லாவற்றுக்கும் அதே வண்டி. அப்பா ஒரு தொழிற்சாலையில் கணக்கர். "வாங்கினது நான், ஓட்டச் சொல்றது தெரு" என்பார். சலிப்பாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொல்வார். முகத்தில் பெருமை தெரியும்.

எனக்குப் பத்து வயது, தம்பி பிலிப்புக்கு ஐந்து. அம்மாவுக்கு எட்டாம் மாதம். விளக்கு வைத்த நேரத்தில் குளியலறையிலிருந்து அம்மா கூப்பிட்ட குரல் வேறு மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள், இரண்டு போர்வைகள் கேட்டார்கள், பிறகு இன்னும் இரண்டு கேட்டார்கள். அன்றைக்கு வண்டி ஒரே இழுப்பில் கிளம்பிவிட்டது. மணப்பெண்கள் சிரித்துக்கொண்டே நுழைந்த அந்த மடக்குச் சீட்டு வழியாக அம்மாவை நுழைக்கத்தான் நேரம் பிடித்தது. பிலிப் அம்மாவின் கையை விடவில்லை. பிரிக்க நேரமில்லாததால் அவனையும் பின்னால் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். அம்மா சீட்டில் முழங்காலை மடக்கிக் கிடக்க, அவன் கீழே இடுக்கில் நின்றுகொண்டு கையைப் பிடித்திருந்தான். நான் முன்னால் அப்பாவின் பக்கத்தில்.

ரயில்வே கேட் மூடியிருந்தது.

அப்பா ஹார்ன் அடித்தார். இறங்கிப்போய்க் கேட்காரரிடம் பேசினார். சிக்னல் விழுந்த பிறகு கேட்டைத் திறக்கக் கூடாது என்பது நடைமுறை. அந்த மனிதர் நடைமுறையைச் சரியாகவே கடைப்பிடித்தார். பிற்காலத்தில் அதே வேலையைத்தான் வேறொரு அலுவலகத்தில் செய்து நான் ஓய்வூதியம் வாங்குகிறேன். அப்பா திரும்பி வந்து எஞ்சினை அணைத்தார். பின்னால் பிலிப் அழத் தொடங்கியிருந்தான். அப்பா தலையைத் திருப்பாமலே, "பிலிப், ரயில் வருது பாரு. எத்தனை பெட்டின்னு எண்ணிச் சொல்லு" என்றார்.

வெளிச்சமான ஜன்னல்களோடு ஒரு பாசஞ்சர் ரயில் வந்தது. மெதுவாகத்தான் போனது. அவன் அழுகையை விட்டுவிட்டுச் சத்தமாக எண்ணினான், நடுவில் தப்பிப்போய் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான். கடைசிப் பெட்டி போன பிறகு அப்பா திரும்பி ஒரு முறை பின்னால் பார்த்தார். கேட் திறந்தது. அதன் பிறகு அவர் வேகமாக ஓட்டவில்லை. சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். அதிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது.

அடக்கத்துக்குப் பிறகு அந்தக் காரைக் கேட்டு யாரும் வரவில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் டாக்சி பிடித்தார்கள், எங்கள் வாசலைத் தாண்டும்போது பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். அப்பா வண்டியை ஓசூர் ரோட்டுப் பக்கம் யாருக்கோ தள்ளிவிட்டார். பிலிப்பை மைசூரில் சித்தி வீட்டில் விட்டோம். அம்மா ஆஸ்பத்திரியில் இறந்தாள் என்று மட்டும் அவனுக்குச் சொல்லப்பட்டது. அம்மாவோடு காரில் போய் ரயில் பார்த்தது வேறொரு நாள் என்று அவனாகவே வைத்துக்கொண்டான். நான் ஒரு முறை திருத்தப் போனபோது அப்பா என்னைக் கொல்லைப்புறம் அழைத்துப்போய், "அவனுக்கு அம்மான்னு இருக்கிறதே அந்த ஒரு ரயில்தான். இருந்துட்டுப் போகட்டும்" என்றார். எனக்கு அவர் விட்டுப்போன சொத்து இதுதான்.

பிலிப் இப்போது கனடாவில் இருக்கிறான். இதயத்தில் ஏதோ செய்துகொண்ட பிறகு அவனுக்கு அந்தக் காரின் மேல் ஆசை வந்துவிட்டது. ஞாயிறு தவறாமல் போன். "அண்ணா, நீ ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல குப்பை கொட்டினவன். ஒரு வண்டியைக் கண்டுபிடிக்கிறது உனக்கு ஜுஜுபி."

ஜுஜுபிதான். ஆனால் ஒரு வேலையைச் செய்யாமல் இருப்பதற்கான வழிகளும் எனக்கு அதே அளவு தெரியும். பழைய மைசூர் மாநிலப் பதிவு என்றேன். ஆவணங்கள் கிடங்கு மாறியபோது நனைந்துவிட்டன என்றேன். மனு போட்டிருக்கிறேன், பதில் வரவில்லை என்றேன். எந்த மனுவும் போடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன், "பரவால்லண்ணா, நானே வரேன். பழைய கார் வெச்சிருக்கிறவங்களை விசாரிச்சா சொல்லிடுவாங்க" என்றான். அவன் விசாரித்தால் காரோடு சேர்த்துக் கதையும் வரும். மறுநாள் காலை பழைய சக ஊழியர் ஒருவருக்குப் போன் செய்தேன். மதியத்துக்குள் இடம் தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் அத்திபெலேவுக்கு பஸ் ஏறினேன்.

வண்டி இப்போது சம்பங்கி என்பவரிடம் இருந்தது. ரோஜா நாற்றுப் பண்ணை வைத்திருப்பவர், ஐம்பது வயதிருக்கும். காரை ரோஜா நிறத்திலேயே அடித்து, பூச்செடிகளுக்கு நடுவில் செங்கல் மேல் நிறுத்தியிருந்தார். எஞ்சின் இல்லை. கல்யாணத்துக்கு முன் படம் எடுத்துக்கொள்ள வருகிற ஜோடிகள் அதில் உட்கார்ந்து சிரிப்பதற்கு வாடகை. யாரென்று சொன்னதும் நாற்காலி போட்டார், டீ சொன்னார், பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இதுல ஒரு அம்மா போயிட்டாங்களாமே சார்? எங்கப்பா சொல்வாரு."

"என் அம்மா."

அவர் வாயில் விரலை வைத்துக்கொண்டார். நான் வந்த வேலையைச் சொன்னேன்: தம்பி வருவான், அவன் காதில் இது விழக் கூடாது. அவர் சும்மா தலையாட்டியது போதாது என்று தோன்றியதால், பதிவு புதுப்பிக்காத வண்டியை வாடகைக்கு விடுவது பற்றியும் அதற்குரிய பிரிவுகள் பற்றியும் கொஞ்சம் பேசினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"சார், நீங்க ரிடையர் ஆயிட்டீங்க இல்ல?"

"ஆயிட்டேன்."

"அப்புறம் எதுக்கு சார் அலட்டிக்கறீங்க? சாவு விழுந்த வண்டின்னு நானே சொன்னா எந்தப் பொண்ணு வந்து இதுல உக்காரும்? உங்க தம்பி என்ன, என் பொண்டாட்டிக்கே தெரியாது. பேஜார் பண்ணிக்காம டீ குடிங்க."

பிலிப் வந்தான். காரைப் பார்த்ததும் நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முன்சீட்டை மடக்கி, அறுவை செய்த மார்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பின்னால் நுழைந்தான். சீட்டில் உட்காராமல், அந்தப் பெரிய உடம்பைக் கீழே இடுக்கில் திணித்துக்கொண்டு சீட்டின் மேல் கையை வைத்தான்.

"அம்மா இங்கதான் படுத்திருந்தாங்க. நான் கையைப் பிடிச்சிட்டிருந்தேன். அப்பா பெட்டியை எண்ணச் சொன்னாரு." ரெக்சினை ஒரு முறை தடவினான். "கை ஜில்லுன்னு இருந்துச்சுண்ணா. டிசம்பரா அது? கிறிஸ்மஸ் சமயமா?"

"ஆமாம்" என்றேன். "டிசம்பர்."

அது மே மாதம். அன்றைக்குத் தெருவில் எல்லோரும் புழுக்கம் தாங்காமல் விசிறியோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

இறங்கும்போது சம்பங்கியைப் பார்த்து அவன் கேட்டான்: "உங்கப்பா இந்த வண்டியைப் பத்தி ஏதாவது சொல்லியிருக்காரா?"

சம்பங்கி என்னைப் பார்க்காமல் பதில் சொன்னார். "ராசியான வண்டின்னு சொல்வாரு சார். இதுல உக்காந்த ஜோடி பிரிஞ்சதே இல்ல."

விலைக்குக் கேட்டான். "விக்கிறதில்ல சார், இது எனக்கு ரேஷன் கார்டு" என்று சம்பங்கி மறுத்துவிட்டார். பிலிப் வற்புறுத்தவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டான். சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருப்பதாகப் போன வாரம் சொன்னான். படத்தில் ஜோடிகளைப் போலவே சிரிக்கிறான்.

திரும்பும் வழியில் அந்த கேட்டைப் பார்க்க வேண்டும் என்றான். கேட் இருந்த இடத்தில் இப்போது சுரங்கப்பாதை. மேலே ரயில் போவதைக் கீழே போகிறவர்கள் பார்க்க முடியாது. எங்கள் வீடிருந்த இடத்தில் அடுக்குமாடி. வண்டியைத் தள்ளியவர்கள் கல்லறையிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். அன்று நடந்தது தெரிந்தவர்களில் மிஞ்சியது நானும், கேள்வி ஞானமாக ஒரு ரோஜா வியாபாரியும்தான்.

பேரப் பிள்ளைகளுக்காகக் காரைப் பற்றி எழுதித் தரும்படி பிலிப் கேட்டான். ஆங்கிலத்தில் மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன். அதில் டிசம்பர் மாதம், நல்ல குளிர், அம்மா பக்கத்தில் தூங்குகிறாள். சித்தி வீட்டில் வளர்ந்து கன்னடமும் ஆங்கிலமும் மட்டும் படித்தவன் அவன். தமிழ் பேசுவான், ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. நடந்ததை எங்காவது ஓரிடத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியதால் இதைத் தமிழில் எழுதினேன். வாசிப்பவர்களில் யாருக்காவது அவனைத் தெரிந்திருந்தால், தயவுசெய்து வாசித்துக் காட்ட வேண்டாம்.