வலது கை சும்மா இருக்கட்டும்

பந்துக்கும் குழிக்கும் நடுவே என் மட்டையின் நீளம்கூட இல்லை. சின்னப் பிள்ளை தட்டினாலும் விழ வேண்டிய பந்து. குனிந்து நின்றேன். மட்டையைக் கொஞ்சம் பின்னால் இழுத்து முன்னால் தள்ள வேண்டும், அவ்வளவுதான். கை கிளம்பவில்லை. போ என்று மனசு சொல்கிறது. கை காது கேட்காதது போல அப்படியே நிற்கிறது. கடைசியில் அது கிளம்பியபோது ஒரு வெட்டு வெட்டியது. பந்து குழியைத் தாண்டி அந்தப் பக்கச் சரிவில் உருண்டு ஓடியது.

கூட விளையாடிய நண்பன் கொடியைப் பிடித்துக்கொண்டு தேயிலைப் பக்கமாகப் பார்த்தான். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

போடியில் மருந்தடிக்கிற மோட்டார் விற்று, ரிப்பேரும் பார்க்கிற கடைக்காரனுக்கு கோல்ஃப் எங்கிருந்து வந்தது என்று கேட்காதவர்கள் இல்லை. இந்த நண்பன்தான் காரணம். போடிமெட்டைத் தாண்டி மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் மேனேஜர். கோட்டயத்துப் பக்கம் சொந்த ஊர். என்னைவிட வயதில் இளையவன். ஏலத்தோட்டங்களுக்கு மோட்டார் இறக்கிவிட்டு வரும் வழியில் அவனுடைய பம்ப்செட்டைப் பார்க்கப் போயிருந்தேன். பங்களாவுக்குக் கீழே சரிவில் தனியாகப் பந்து அடித்துக்கொண்டிருந்தான். வெள்ளைக்காரர்கள் விளையாடிய மைதானம் அது. மிஞ்சியது ஆறு குழிதான். மற்ற இடத்தையெல்லாம் எப்போதோ தேயிலை பிடித்துக்கொண்டது. என் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி வைத்துவிட்டு மட்டையைக் கொடுத்தான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு மலைதான். காட்டுமாடுகள் இராத்திரி மிதித்துப்போன குழிகளை மண் போட்டு நிரவிவிட்டு ஆட்டத்தை ஆரம்பிப்போம்.

நீளமாக அடிக்க எனக்கு வரவே வராது. ஆனால் பந்து குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் என்னை யாராலும் அசைக்க முடியாது. கார்புரேட்டர் திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பிப் பழகிய கை. எவ்வளவு தள்ளினால் எவ்வளவு போகும் என்று அதற்குத் தெரியும். அந்தக் கைதான் இப்போது மக்கர் செய்தது.

அன்றைக்கு மட்டுமல்ல, அடுத்தடுத்த வாரங்களிலும் அப்படியே. நீள அடி ஒழுங்காகப் போகும். குழிக்குப் பக்கத்தில் வந்ததும் கை உறைந்துவிடும். வீட்டில் சொன்னபோது மனைவி, "கை வலிக்குதா?" என்று கேட்டாள். "வலியெல்லாம் ஒண்ணுமில்ல, மனப்பயந்தான்" என்றேன். அவள் பள்ளிக்கூட வாத்தியார். யாரையும் உற்றுப் பார்க்கிற பழக்கம் உண்டு.

"எதுக்கும் மதுரைக்குப் போயி ஒரு டாக்டர்ட்ட காட்டிட்டு வந்துருவோங்க. இந்த லீவுல எனக்கும் தோதா இருக்கு."

சரி என்றேன். போகத்தான் இருந்தோம். தேதிகூடப் பேசிவிட்டோம்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நண்பன் செல்போனோடு காத்திருந்தான். "அண்ணே, இது நோக்குங்க. ரெண்டு நாளா இதையேதான் பார்த்துட்டிருக்கேன்" என்று ஒரு வீடியோவைக் காட்டினான். யாரோ ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரர் குனிந்து நிற்கிறார். இடது கை மட்டையைப் பிடித்திருக்கிறது. வலது கை பிடிக்கவில்லை. பேனா பிடிக்கிற மாதிரி கட்டை விரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே மட்டையின் தண்டு சும்மா சாய்ந்து கிடக்கிறது. பார்ப்பதற்கு நண்டு கொடுக்கை நீட்டியது போல இருந்தது.

"இதென்ன கூத்து? யாராச்சும் பார்த்தாச் சிரிப்பாங்க தம்பி."

"சிரிக்கட்டும். உங்க வலது கைதானே தொல்லை பண்ணுது? அதுக்கு வேலையே கொடுக்காதீங்க. வலது கை சும்மா இருக்கட்டும்."

பங்களா வராந்தாவில் பாய் விரித்து, ஸ்டீல் டம்ளரைப் படுக்கவைத்து, அதற்குள் பந்தைத் தள்ளச் சொன்னான். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மட்டையில் வைத்தான். முதல் பந்து சுவரில் முட்டியது. இரண்டாவதும் அப்படியே. பிறகு ஒரு பந்து டணங்கென்று டம்ளருக்குள் போய் மோதியது. நான் நிமிர்ந்து அவனைப் பார்த்தேன். கை உறையவில்லை. நினைத்த நேரத்தில் கிளம்பியது. "சாரமில்ல அண்ணே, பரவாயில்ல. இனி ஒண்ணும் பயப்பட வேண்டாம்" என்றான். அவன் கண்ணில் என்னைவிட அதிகச் சந்தோஷம்.

கடையில் வேலை ஓய்ந்த நேரத்தில் மோட்டார் பெட்டிகளுக்கு இடையே பழகினேன். ராசிங்காபுரத்திலிருந்து மருந்து பம்பு வாங்க வந்த சம்சாரி ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்ன அப்பு, பாம்பு கீம்பு பூந்துருச்சா?" என்று கேட்டார். வீட்டில் மனைவிக்கும் செய்து காட்டினேன். அவளுக்கும் முகம் தெளிந்தது. "அப்ப பிடிதான் சரியில்லாம இருந்துருக்கு" என்றாள். மதுரைப் பேச்சு தானாக நின்றுபோனது. அவளும் கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை. சரியாகிவிட்ட கையை எதற்காக டாக்டரிடம் காட்ட வேண்டும்?

அந்த வருஷம் ஓணம் முடிந்த வாரத்தில் சுற்று வட்டார எஸ்டேட்காரர்கள் கூடி விளையாடிய ஆட்டம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நானும் அவனும் ஒரு ஜோடி. கடைசிக் குழிக்கு வந்தபோது பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்தது. பந்திலிருந்து பார்த்தால் கொடி மங்கலாகத்தான் தெரிந்தது. நான் நண்டுக்கொடுக்கைப் போட்டு நின்றேன். மற்றவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். பந்து வளைந்து, பனிக்குள் மறைந்து, விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. அவன் ஓடிவந்து என்னைத் தூக்கிவிட்டான். "என்டெ அண்ணே! என்டெ அண்ணே!" என்று கத்தினான். நான் அவ்வளவு சந்தோஷப்பட்ட நாட்கள் குறைவு.

அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கும் மேலாக அந்தப் பிடியோடுதான் விளையாடினேன். இடையில் சின்னச் சின்ன மாற்றங்கள் வந்தன. சட்டைப் பொத்தான் போட நேரமானது. கடையில் சின்ன நட்டுகளை முடுக்கப் பையன்களைக் கூப்பிட்டேன். மெட்டு வளைவுகளில் கியர் மாற்றும்போது வண்டி முனகியது. வயது ஏறினால் எல்லாருக்கும் இப்படித்தான் என்று இருந்தேன். குழிக்குப் பக்கத்தில் கை ஒழுங்காக வேலை செய்ததே, அதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

சிலமலையில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து கை கழுவிவிட்டு நடந்து வந்துகொண்டிருந்தேன். தம்பி மகள் எதிரே நின்றாள். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் பக்கத்தில் வரும்வரை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியப்பா, திரும்ப ஒருக்கா நடந்து காட்டுங்க."

"என்னத்தா, பெரியப்பனுக்குப் பரேடா?"

"வெளையாடாதீங்க. நடக்கும்போது உங்க இடது கை ஆடுது, வலது கை ஆடவே மாட்டேங்குது."

அந்த வாரமே மதுரைக்குப் போனோம். டாக்டர் விரல்களைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், எழுதச் சொன்னார். என் எழுத்து எறும்பு ஊர்ந்தது போலச் சிறுத்துப் போயிருந்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன். நடுக்குவாதம் என்றார்.

"கைதான் நடுங்கவே இல்லையே டாக்டர்" என்றேன்.

"எல்லாருக்கும் நடுங்கணும்னு இல்ல. சிலருக்கு இப்படி இறுகித்தான் போகும்" என்றவர், எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். கோல்ஃப் கதையைச் சொன்னேன். அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. மேசையிலிருந்த அளவுகோலைக் கொடுத்து, அந்தப் பிடியைப் பிடித்துக் காட்டச் சொன்னார். பழகிய வழி அடைபட்டால் மூளை சில சமயம் வேறு வழியில் கையை ஓட்டிவிடும், புதுப் பிடி அதற்கு உதவியிருக்கும் என்றார்.

மனைவி கேட்டாள்: "அப்பவே வந்திருந்தா நின்னுருக்குமா டாக்டர்?"

"நிக்காதும்மா. ஆனா மாத்திரையும் பயிற்சியும் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கலாம். இந்த ஒரு வருஷம் அவருக்குக் கொஞ்சம் சுலபமா போயிருக்கும்."

அவ்வளவுதான் சொன்னார். பெரிய குற்றச்சாட்டு ஒன்றும் அதில் இல்லை.

செய்தி கேட்டு நண்பன் மலையிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தான். மனைவி காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். எல்லாம் எப்படி நடந்தது என்று அவன் கேட்டான். அவள் ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள், "அந்த லீவுலயே மதுரைக்குப் போறதாத்தான் இருந்துச்சு. நீங்க அந்தப் பிடியைக் காட்டுனதும் கை சரியாப் போச்சுன்னு விட்டுட்டோம்" என்றாள். குரலில் ஒரு துளி கோபம் கிடையாது. நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். காபி டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனவன் குடிக்காமல் கீழே வைத்தான்.

"ஞான் காரணம்தான், அல்லே?" என்றான்.

"ஐயோ, அப்படிச் சொல்லல தம்பி" என்று மனைவி பதறினாள்.

"டாக்டரே சொல்லிட்டாரு, முன்னாடி வந்திருந்தாலும் நின்னுருக்காதுன்னு" என்று நானும் சொன்னேன். "உன் புண்ணியத்துல ஒரு வருஷம் ராஜா மாதிரி விளையாடினேன். அது கம்மியா?"

தலையை ஆட்டினான். கேட்டானா என்று தெரியவில்லை. வெரசாகப் போகணும், கொழுந்து லோடு நிற்கிறது என்று எழுந்துவிட்டான். அவன் போன பிறகு, குடிக்காமல் வைத்த காபியை மனைவி எடுத்துப்போய்த் தொட்டியில் ஊற்றினாள். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்" என்று அன்றைக்கும், அதற்குப் பிறகும் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் சோலி அதிகம் என்பான். மழை என்பான். விருந்தாள் என்பான். சில மாதம் அப்படிப் போனது. பிறகு அவனுக்கு வேறு எஸ்டேட்டுக்கு மாற்றல் வந்ததாகக் கேள்விப்பட்டேன். அவன் சொல்லவில்லை, ஜீப் டிரைவர் ஒருவர்தான் சொன்னார். சொல்லாமல் கொள்ளாமல் அடுத்த ஞாயிறு மேலே போய் நின்றேன். மாத்திரை பிடித்து, கை கொஞ்சம் இளகியிருந்த நேரம் அது.

என்னைப் பார்த்ததும் தடுமாறினான். பிறகு மட்டைகளை எடுத்துவந்தான். காட்டுமாட்டுக் குளம்படிகளை நிரவினோம். விளையாடினோம். முன்னைப் போலவே பேச்சும் நடந்தது. முதல் குழியில் என் பந்து பக்கத்தில் போய் நின்றது. நான் குனிவதற்குள் அவன் போய் அதைக் கையால் எடுத்து என்னிடம் நீட்டினான். "இது விழுந்த மாதிரிதான் அண்ணே, வச்சுக்கோங்க." கோல்ஃபில் இது உண்டு. மிகப் பக்கத்தில் இருந்தால் அடிக்காமலேயே விழுந்ததாக எதிராளி ஒத்துக்கொள்ளலாம். மரியாதைதான்.

இரண்டாவது குழியிலும் எடுத்தான். மூன்றாவதில் பந்து ஓர் ஆள் நீளத்துக்கு அப்பால் கிடந்தது. அதையும் எடுத்தான்.

"தம்பி, அடிச்சுப் பாக்குறேனே" என்றேன்.

"வேண்டாம் அண்ணே. இதெல்லாம் உங்களுக்கு விழும்."

விழும் என்றவனின் கண் என் கையைப் பார்க்கவில்லை. ஆறு குழியிலும் என்னை ஒரு பந்தைக்கூடத் தள்ள விடவில்லை. அந்தப் பிடியை நான் பிடித்து நிற்பதைப் பார்க்க அவனால் முடியாது என்று எனக்குப் புரிந்தது. இன்னொரு முறை கேட்டிருந்தால் விட்டிருப்பானோ என்னவோ. அவன் எடுத்துக் கொடுத்த பந்துகளையெல்லாம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

நான் ஜீப்பில் ஏறும்போது அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். இடது கையை.

அவன் இப்போது வண்டிப்பெரியாறு பக்கம் இருக்கிறான். போகிற தூரம்தான். போன ஓணத்துக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டேன். மகளுக்கு வரன் பார்ப்பதைப் பற்றி, கொழுந்து விலையைப் பற்றி, மழையைப் பற்றிப் பேசினான். என் மனைவியை விசாரித்தான். கை எப்படி இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒரு நாள் இங்கே வா என்றேன். "வரணும் அண்ணே, கண்டிப்பா, தீர்ச்சயா வரணும்" என்றான்.