பூசை போட்ட பேட்

ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள மருந்துக்கடையில் என்னோடு வேலை பார்ப்பவள் பூவிழி. யார் கையிலிருந்து டானிக் பாட்டில் நழுவினாலும் அது தரையைத் தொடாது. பேசிக்கொண்டே இடது கையை நீட்டிப் பிடித்துவிடுவாள். ஆனால் வலது கைக்கு மாற்றித்தான் கொடுப்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவள் அம்மா மேல் கோபம் வரும்.

பிறவியிலேயே இடதுகைக்காரி. அம்மா மலர்கொடி முந்திரிக்காட்டில் கூலிக்குப் போய் அவளை வளர்த்தவள். சோற்றில் இடது கை பட்டால் கரண்டியால் ஒரு தட்டு தட்டுவாள். சாப்பாடு, எழுத்து எல்லாம் அப்படித்தான் வலது கைக்கு மாறின. பள்ளிக்கூடத்தில் ஷட்டில் ஆடும்போது மட்டும் பேட் தானாக இடது கைக்குப் போய்விடும். ஆள் குட்டைதான். ஆனால் எதிரில் நிற்பவளின் தோள் திரும்புவதைப் பார்த்தே இவள் கால் நகர்ந்துவிடும். மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினால் இறகுப்பந்து எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது.

பதினாலு வயதில், அரியலூரில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுத்தார்கள். அந்த வருடம் விட்டால் வயது தாண்டிவிடும். மலர்கொடிக்குத் தலைகால் புரியவில்லை. தேர்வுக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. மகளோடு சிறுவாச்சூர் காளி கோயிலுக்குப் போய், பேட்டை அம்மன் காலடியில் வைத்து வாங்கி, பிடியில் மஞ்சள் துணி சுற்றிக்கொண்டு வந்தாள். திரும்பும்போது பஸ்ஸில் மகளிடம் சொன்னாள்:

"சாமிகிட்ட வச்சு எடுத்தது. பீச்சாங்கையால தொட்டுடாத."

மறுநாள் தேர்வாளர் ராசாங்கம் இரண்டு கைகளிலும் பந்தை வைத்துக்கொண்டு, சொல்லாமல் ஏதாவது ஒன்றைக் கீழே விட்டார். பூவிழி எதையும் தவறவிடவில்லை. எல்லாமே இடது கைப் பிடி. இடதுகை ஆட்டக்காரி கிடைப்பதே அபூர்வம் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லி மகிழ்ந்தவர், பேட்டை எடுக்கச் சொன்னார்.

கம்பிவேலிக்கு அப்பால் அம்மா நிற்பதைப் பூவிழி பார்த்தாள். வலது கையால் எடுத்தாள். கண் பார்த்தது, கால் போனது, கை மட்டும் பிந்தியது. இறகுப்பந்து ஒவ்வொன்றாக அவள் முன்னால் விழுந்தது. ராசாங்கத்துக்கு மனசு கேட்கவில்லை.

"கைய மாத்தி ஆடும்மா."

பூவிழி வேலிப் பக்கம் திரும்பினாள். மலர்கொடி கைகூப்பி, கண்ணை இறுக மூடி வேண்டிக்கொண்டிருந்தாள். பூவிழி கையை மாற்றவில்லை. அவளை விடுதிக்கு எடுக்கவும் இல்லை.

காளி என்றைக்கு வலது கை, இடது கை பார்த்தாள்? அம்மன் சிலைக்கு எத்தனை கை என்று மலர்கொடி நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டாமா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. போன மாதம் மலர்கொடி கடைக்குப் பிரஷர் மாத்திரை வாங்க வந்தாள். மகள் ஒரு பாட்டிலை இடது கையால் பாய்ந்து பிடித்ததைக் கண்டதும் சொன்னாள்:

"அன்னைக்கு நான் கண்ண மூடிக்கிட்டுத்தானடி நின்னேன். நீ கைய மாத்தியிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

பூவிழி மாத்திரையை வலது கைக்கு மாற்றி அம்மாவிடம் நீட்டினாள்.