சாமத்தியவீட்டில் கிளாரினெட்

அக்கா பெரியபிள்ளையானதைக் கொண்டாடும் சாமத்தியவீட்டு நாளில் மேளகாரர் வந்து சேரவில்லை. பாரிஸில் இருந்து வந்துகொண்டிருந்தவர்களைப் பனி ஓட்டோபான் நெடுஞ்சாலையில் நிறுத்திவிட்டது. ஜெர்மனியில் நாங்கள் இருந்த பீலெஃபெல்ட் நகரில் வாடகைக்கு எடுத்த மண்டபம் நிறைந்துவிட்டது. அக்கா சேலைக் கனத்தில் அசையமுடியாமல் உள்ளறையில் இருந்தாள். நல்லநேரம் முடிய இன்னும் கொஞ்சமே இருந்தது. மேளம் இல்லாமல் பெண்ணை மேடைக்கு அழைத்துவரக்கூடாது என்று பெரியம்மா சொல்லிவிட்டார்.

அப்போதுதான் அப்பாவுக்கு ஸ்தாவ்ரோஸின் நினைவு வந்தது.

ஸ்தாவ்ரோஸ் எங்கள் மேல்மாடியில் இருந்த கிரேக்கர். அப்பாவோடு ஒரே தொழிற்சாலையில் வேலை. தன் ஊர் மலைக்கிராமங்களின் பாட்டுகளைக் கிளாரினெட்டில் வாசிப்பார். கிரேக்க உணவகங்களில் கூப்பிட்டால் போகமாட்டார். அங்கே சாப்பிட வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் கேட்பார்களாம். சனிக்கிழமைகளில் தேவாலய மண்டபத்தில் கிரேக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக உதைபந்தாட்டத்துக்குப் போய்விட, கடைசியில் ஒருத்தி மட்டும் வந்தாள். அவளுக்காகவும் அவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டுதான் போனார்.

"குழல் எண்டால் குழல்தானே," என்று சொல்லி அப்பா போனை எடுத்தார்.

கறுப்புக் கோட்டும் கறுப்புக் காற்சட்டையுமாக ஸ்தாவ்ரோஸ் வந்ததைப் பார்த்ததுமே பெரியம்மாவின் முகம் மாறிவிட்டது. ஸ்தாவ்ரோஸ் கண்களை மூடி வாசிக்கத் தொடங்கினார். மெதுவான, நீளமான இசை. மேலே ஏறுவதும் வழுக்கிக் கீழே இறங்குவதுமாக இருந்தது. முதலில் நாதசுரம் போலத்தான் கேட்டது. கொஞ்சநேரத்தில் மண்டபத்தில் பேச்சு நின்றுவிட்டது.

"ஐயோ, இதென்ன செத்தவீடு மாதிரி? நிப்பாட்டச் சொல்லுங்கோ!" என்றார் பெரியம்மா.

அப்பாவுக்குத் தெரிந்த ஜெர்மன் மொழி தொழிற்சாலை வேலைக்குப் போதுமான அளவுக்குத்தான். ஆகவே எட்டு வயதான என்னை அனுப்பினார். இது சோகப் பாட்டா என்று ஸ்தாவ்ரோஸிடம் கேட்டேன். அவர் குழலை இறக்கி, பொறுமையாக விளக்கினார். அதை மண்டபம் முழுவதற்கும் கேட்கும்படி நான் தமிழில் சொன்னேன்.

"ஓமாம். செத்த ஆக்களுக்கு வாசிக்கிறதாம். அவையின்ர ஊரிலை கலியாணம், திருவிழா எல்லாம் இப்பிடித்தான் தொடங்குமாம். வர ஏலாமப் போன ஆக்களை முதல்ல கூப்பிடவேணுமாம். பிறகுதான் ஆடுறதாம்."

பெரியம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். அப்பா நிலத்தைப் பார்த்தார். சரியாகத்தானே சொன்னேன் என்று குழம்பிப்போய் நின்றேன்.

அப்போது அம்மா ஆரத்தித் தட்டோடு வெளியே வந்தார். அன்று தேங்காய் உடைக்கவேண்டியவர் எங்கள் தாய்மாமன், அம்மாவின் ஒரே தம்பி. ஊரில் போரின் கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். வருவார் என்றுதான் அம்மா எப்போதும் சொல்வார். அவருக்குப் பதிலாகத் தூரத்து உறவினர் ஒருவர் வேட்டியைப் பிடித்தபடி நின்றார்.

"அவர் வாசிக்கட்டும்," என்றார் அம்மா. "முழுக்க வாசிச்சு முடிக்கச் சொல்லு, பிள்ளை."

ஸ்தாவ்ரோஸ் முதலில் இருந்து வாசித்தார். அம்மா தட்டைப் பிடித்தபடியே அழுதார். கண்ணைத் துடைக்கவும் இல்லை. நல்ல நாளில் அம்மாவை அழவைத்த மனிதர் மேல் எனக்குக் கோபமாக வந்தது. பிறகு அவர் குழலை வாயிலிருந்து எடுக்காமலே வேகத்தைக் கூட்டினார். அந்தத் துள்ளல் இசைக்கு அக்கா, விளக்குப் பிடித்த சிறுமிகளோடு சிரித்துக்கொண்டே மேடைக்கு வந்தாள். மேளகாரர் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்துசேர்ந்தார்கள்.

திங்கட்கிழமை காலை, வரவேற்பறையில் இருந்த மாமாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. அதுவரை அந்தப் படத்துக்கு மாலை போட அம்மா யாரையும் விட்டதில்லை. ஏன் என்று கேட்டேன்.

"இனிப் போடலாம்," என்றார்.

சாமத்தியவீட்டுப் பூ வீட்டில் நிறைய மிச்சம் கிடந்தது. வாடிப்போக முன்னர் அம்மா அதைப் பயன்படுத்திவிட்டார் என்று நினைத்துக்கொண்டு நான் பள்ளிக்கூடம் போய்விட்டேன்.