பழைய ஃபில்டரைக் கேட்டவர்

அரியலூரில் என் வீட்டு வாசலில் டீசல் காருக்கு நானே ஆயில் மாற்றிக்கொண்டிருந்தேன். பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரைக் கழற்றி வைத்த நேரத்தில் மொபெட்டில் ஒருவர் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டையில் ஒரு கறை இல்லை.

“பழைய ஆயில் குடுப்பீங்களா சார்? கான்கிரீட் போடுற சென்ட்ரிங் பலகைக்குப் பூச எடுத்துக்குவாங்க.”

ஆயில் வாங்குகிறவர் இத்தனை சுத்தமாக இருந்ததே எனக்குச் சந்தேகமாக இருந்தது. பேசும்போதெல்லாம் கட்டைவிரலால் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“அந்த ஃபில்டரையும் பாக்கலாங்களா?”

பழைய ஃபில்டரைத் துடைத்துப் புதுசென்று விற்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். மனசில்லாமல்தான் நீட்டினேன். அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

“இதோட ரப்பர் வாசரக் காணோமே. இஞ்சின்லயே ஒட்டிக்கிட்டிருக்கும், பாருங்க. அது மேலயே புதுச மாட்டினா ஆயில் பூரா வழியிலயே கொட்டிடும்.”

குனிந்து பார்த்தேன். வளையம் அங்கேதான் ஒட்டியிருந்தது. மறுநாள் குடும்பத்தோடு அந்தக் காரில் பெரம்பலூர் போவதாக இருந்தோம். அதைப் பிய்த்தெடுத்தேன்.

புது ஃபில்டரை மாட்டி, புது ஆயிலை ஊற்றி முடிக்கும்வரை அவர் காத்திருந்தார். பிறகு, “அந்தக் காலி கேனும் குடுங்க சார்” என்றார்.

அதில் போலி ஆயிலை நிரப்பி விற்றுவிட்டால்? ஸ்க்ரூடிரைவரால் கேனின் அடியில் ஓட்டை போட்டு நீட்டினேன்.

ஓட்டையைப் பார்த்தார். “அதுவும் நல்லதுதாங்க” என்று வாங்கி, பழைய ஆயிலோடு சேர்த்து மொபெட்டில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் யோக்கியரா இல்லையா, எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் அவர் கண்ணெதிரிலேயே அப்படிக் குத்தியிருக்க வேண்டாம்.