அவித்துக் கொடுத்த சேலை

ஒரு குழந்தை தன் தாயிடம் பால் குடிக்காமல் போனதற்கு நான்தான் காரணம். தெரியாமல் செய்ததல்ல, தெரிந்தே செய்தேன். அது ஏன் குடிக்கவில்லை என்பதைப் புத்தகத்தாலும் கண்ணாலும் அறிந்திருந்த ஒரே ஆள் அந்தக் கட்டடத்தில் நான்தான்.

இதை வாசிக்கும் நீங்கள், 'பாவம், அறியாமல் நடந்திருக்கும்' என்று எனக்காக ஒரு சமாதானம் தேடுவீர்கள். தேட வேண்டாம். அறியாமை என்பது என்மேல் இதுவரை யாரும் சுமத்தாத குற்றம்.

எழுபதுகளின் தொடக்கம். தூத்துக்குடியில் இறால் உரித்துக் கப்பலேற்றும் கம்பெனி ஒன்றில் நான் தொழிலாளர் நல அலுவலர். விலங்கியலில் பட்டம், தொழிற்சட்டத்தில் தேர்ச்சி. எந்தப் படிவத்துக்கு எத்தனை பிரதி, எந்தப் பிரதி எந்த அலமாரிக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இன்றும் சொல்வேன்... ஓய்வுபெற்றவனிடம் வேறென்ன மிச்சம்?

இறால் உரிப்பவர்கள் எல்லாரும் பெண்கள். கைக்குழந்தைக்காரிகளுக்காகக் கொட்டகையின் பின்புறம் ஒரு காப்பகம் இருந்தது. எட்டுத் தொட்டில்கள், ஓர் ஆயா, குழந்தைகளை நிறுக்க ஒரு தராசு. பால் கொடுக்கக் காலையில் ஓர் இடைவேளை, பிற்பகலில் ஒன்று. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தாய்மார்கள் உரித்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அப்படியே உள்ளே வருவார்கள். இறால் தோலும் வியர்வையும் பாலும் கலந்து அந்த அறை நாறும். குழந்தைகள் அமைதியாகக் குடித்தன. நான்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

ஒரு குழந்தைக்குச் சிரங்கு வந்தது. எனக்கு அது போதாதா! உட்கார்ந்து ஒரு நடைமுறை எழுதினேன். காப்பகத்துக்குள் நுழையும் தாய் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் கை, கழுத்து, மார்பு மூன்றையும் துடைக்க வேண்டும். அவித்துக் காய்ந்த வெள்ளை அங்கி அணிய வேண்டும். வெளித்துணி எதுவும் உள்ளே வரக்கூடாது. இப்படிப் பத்து விதிகள், மூன்று பிரதிகள். மேலாளர் படித்துவிட்டு, கம்பெனியின் மற்றக் கொட்டகைகளுக்கும் இதையே அனுப்பலாம் என்றார். அந்த வாரம் முழுவதும் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன்.

பெரிய குழந்தைகள் இரண்டொரு நாள் சிணுங்கிவிட்டுப் பழகிக்கொண்டன. ஒன்று மட்டும் பழகவில்லை.

புன்னைக்காயலிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அமலோற்பவத்தின் மகள், ரோஸ்லின். நான்கு மாதம்கூட நிறையவில்லை. தாய் அங்கியை விலக்கி அணைத்ததும் அது மூக்கைச் சுருக்கும். முகத்தைத் திருப்பும். முதுகை வில்லாக வளைத்துக் கத்தும். அதற்குள் மணி அடித்துவிடும். அமலோற்பவம் கனத்த மார்போடு இறால் மேசைக்குத் திரும்புவாள். வேலையை விடவும் முடியாது. தோணியில் கை நசுங்கிய கணவன் வீட்டில் இருந்தான். குழந்தையின் எடை முதலில் ஏறாமல் நின்றது. பிறகு இறங்கியது.

ஒரு நாள் என் மேசைக்கு வந்தாள். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"வீட்டுல நல்லாக் குடிக்கா சார். இங்கனதான் மூஞ்சத் திருப்புதா. என்னைய வேற யாரோன்னு நினைக்கா போல."

கவனித்தீர்களா? முழு விடையையும் அவளே சொல்லிவிட்டாள்! போகப் போகப் பழகிவிடும் என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

அடுத்த வாரம் அந்தத் தொட்டிலில் கசங்கிய பச்சைச் சேலைத் துண்டு ஒன்று கிடந்தது. ஆயா பேச்சியம்மாள் அதை ஒளிக்கக்கூட முயலவில்லை.

"அவ உடுத்துக் கழிச்சது சார், துவைக்கல. இத மூஞ்சிகிட்ட வச்சாத்தான் குட்டி வாயத் திறக்கா. உங்க மருந்துத் தண்ணி வாடைக்கு நானே ஓடிருவேன், அது எங்க ஓடும்?"

விதியை மீறியதற்கு அவளைக் கண்டித்திருக்க வேண்டும். செய்யவில்லை. எனக்குள் இருந்த விலங்கியல் மாணவன் விழித்துக்கொண்டான்.

ஏரல் பக்கம் எங்கள் வீட்டில் ஒருமுறை கன்று செத்துப்போய், பசு பாலை அடக்கிக்கொண்டது. கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்து அதன் முன்னே நிறுத்தினார்கள். கண் இல்லை, கால் இல்லை... வெறும் மூட்டை. பசு அதை நக்கி நக்கிப் பால் சுரந்தது. ஏமாளிப் பசு என்று சிரித்தேன். கல்லூரியில் பரிணாமம் படித்தபோதுதான் புரிந்தது. பசு ஏமாறவில்லை, வாடையை நம்பு என்ற விதிக்குக் கீழ்ப்படிந்தது. அந்த விதிக்குப் பிரதி கிடையாது. அது உடம்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

மனிதக் குழந்தை மட்டும் விலக்கா? பிறந்த அன்று அதற்குப் பார்வை மங்கல். கழுத்து நிற்காது. ஓடவோ ஒளியவோ தெரியாது. ஆனால் மூக்கு முதல் நாளே வேலைக்கு வந்துவிடும். கும்மிருட்டில் தாயின் மார்பைத் தவறாமல் கண்டுகொண்ட குழந்தைகள் பிழைத்தன. நாம் எல்லாரும் அவற்றின் வழிவந்தவர்கள். பழகாத வாடை நெருங்கினால் வாயை மூடு, கத்து, தாயைக் கூப்பிடு! ரோஸ்லின் அதைத்தான் செய்தாள். தாயின் மடியில் கிடந்துகொண்டே தாயைக் கூப்பிட்டாள்.

ஊகத்தோடு நிற்கிறவன் அல்ல நான். ஆறு நாள் சோதித்தேன். ஒரு நாள் அமலோற்பவத்தின் தோளில் சேலைத் துண்டு இருக்கும், மறுநாள் இருக்காது. காரணத்தை அவளிடமும் சொல்லவில்லை, பேச்சியம்மாளிடமும் சொல்லவில்லை. துண்டு இருந்த மூன்று நாளும் குழந்தை குடித்தது. இல்லாத மூன்று நாளும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. முடிவைக் காப்பகப் பதிவேட்டில் எழுதவில்லை. என் சொந்தக் குறிப்பேட்டில் எழுதினேன். அந்த மூன்று நாளும் ஒரு சிசு என் ஆர்வத்துக்காகப் பட்டினி கிடந்தது என்பதை... எந்தக் குறிப்பேட்டிலும் எழுதவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்ஷன். என் பத்து விதிகளையும் நேரில் காண மேலதிகாரிகள் வருகிறார்கள். என்ன செய்திருக்கலாம்? மார்பைத் துடைக்கும் விதியை ஒரு கோட்டால் அடித்துவிட்டு, கையைச் சோப்பால் கழுவினால் போதும் என்று திருத்தியிருக்கலாம். அதற்கு ஒரே ஒரு தாள் போதும். ஆனால் திருத்தம் என்றால் பிழை இருந்தது என்று பொருள். என் கோப்பிலா பிழை?

சேலைத் துண்டை எடுத்து வெந்நீரில் அவிக்கச் சொன்னேன்.

பேச்சியம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அவிச்சா அதுல என்ன சார் இருக்கும்? வெறும் துணிதான இருக்கும்."

"அதுதான் வேணும்."

காய்ந்த துணியை மடித்து, ஒரு மெமோவோடு, அமலோற்பவத்திடம் நானே கொடுத்தேன். மெமோவை அவள் படிக்கவில்லை. துணியை முகத்தருகே கொண்டுபோனாள். இறக்கினாள்.

"அப்ப எம் பிள்ளைக்கு என்னதான் சார் செய்யுது?"

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் இங்கேதான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன். ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது: உன்னிடம் ஒரு குறையும் இல்லை, என் மருந்துத் தண்ணீர்தான் காரணம். நாக்கு நுனியில் இருந்தது. அதை விழுங்கிவிட்டு, படித்தவனுக்கே உரிய நிதானத்தோடு வேறொன்றைச் சொன்னேன்.

"உனக்குப் பால் பத்தல. அதான் பிள்ளை வெறுக்குது. புட்டிக்கு மாத்திரு."

"சரி சார்" என்றாள்.

இன்ஸ்பெக்ஷன் சிறப்பாக முடிந்தது. பதிவேட்டில் ரோஸ்லின் பெயருக்கு எதிரே 'தாய்க்குப் பால் போதாமை' என்று எழுதி ஒப்பமிட்டேன். அடுத்த மாதமே அவளுக்குப் பால் வற்றிவிட்டது. ஆக, பதிவேடும் உண்மையாகிவிட்டது! நான் எழுதியது எதுவும் பொய்யாகப் போனதில்லை.

ஐந்து ஆண்டுகள் கழித்து, பேருந்து நிலையத்தில் திருச்செந்தூர் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். "சார், என்னையத் தெரியுதா?" என்று ஒரு குரல். அமலோற்பவம். இடுப்பில் ஆண் குழந்தை, அதன் வாயில் புட்டி.

"இவனுக்குப் பிறந்த அன்னைக்கிலிருந்தே புட்டிதான் சார். எனக்குப் பால் கிடையாதுன்னு நீங்க அப்பமே சொல்லிட்டியளே. இல்லேன்னா இவனையும் பட்டினி போட்டிருப்பேன்."

நன்றி சொல்கிறாள்... எனக்கு!

அவள் பின்னால் ஒரு சிறுமி. தாயின் முந்தானை நுனியை மூக்கில் வைத்து, கண்ணைப் பாதி மூடி, அத்தனை ஹாரன் சத்தத்துக்கும் நடுவே தனியாக ஓர் அறைக்குள் நிற்பவளைப் போல நின்றாள். யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"இவளத்தான் சார் என்ன செய்யன்னு தெரியல. பள்ளிக்கூடத்துக்குப் போனா என் பழஞ்சேலைத் துண்டு கூடவே போவணும், அதுவும் துவைக்காதது. 'நாத்தச் சேல'ன்னு பிள்ளைக கேலி பண்ணுதுவ. படிச்ச நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

அதே ஆள், அதே கேள்வி. எத்தனை பேருக்கு இப்படி இரண்டாம் முறை கிடைக்கும்? பேருந்து வர நேரமும் இருந்தது. பயந்த குட்டி தாயைப் பற்றிக்கொள்ளும். தாய் இல்லாத இடத்தில் தாயின் வாடையைப் பற்றிக்கொள்ளும். அது நோய் அல்ல, விட்டுவிடு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாடையைப் பற்றி வாயைத் திறந்தால், அந்தப் பச்சைச் சேலையையும் சொல்ல வேண்டிவரும். அதைச் சொன்னால், இடுப்பில் இருக்கும் பிள்ளையின் புட்டியையும்...

"துண்டுல வேப்பெண்ணெயத் தடவு" என்றேன். "நாலு நாள்ல விட்டுரும்."

குனிந்து சிறுமியின் கன்னத்தைத் தட்டப் போனேன். அவள் மூக்கைச் சுருக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அமலோற்பவம் வெட்கப்பட்டு, "ஏளா, சாருக்கு வணக்கம் சொல்லு" என்றாள்.

வண்டி வந்தது. ஏறி, ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தேன்.

அன்று சாயங்காலமே தடவியிருப்பாள். நான் சொன்ன எதையும் அவள் செய்யாமல் விட்டதில்லை.